புளூநோஸ் பாய்க்கப்பல் பெட்டி: மரம் நன்று, நூல் வேண்டாம்

மரத்தில் பாய்க்கப்பல் மாதிரி கட்டும் பெட்டிகளை விற்கும் கடை எதுவும் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ என் கண்ணில் பட்டதில்லை. இங்கே ஒருவர் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க விரும்பினால், தபாலில் வரவழைத்துச் சுங்கத்தில் காத்திருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பயணப்பொதியில் இடம் கேட்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்தபோது எனக்குக் கொண்டுவந்த பெட்டியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் பெயரைச் சொல்லவில்லை; நான் காணும் குறைகள் இவ்வகைப் பெட்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவை, ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

பெட்டிக்குள் இருக்கும் கப்பல் 'புளூநோஸ் 2'. கனடாவிலிருந்து வரும் உறவினர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பத்துச் சத நாணயத்தில், 1937ஆம் ஆண்டு முதல் பாய்விரித்து நிற்கிற கப்பலின் வழித்தோன்றல் இது. முதல் புளூநோஸை வில்லியம் ரூவே வரைந்தார். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், லூனன்பேர்க்கின் ஸ்மித் அன்ட் ரூலண்ட் கப்பல் கட்டும் தளத்தில் அது கட்டப்பட்டு 1921 மார்ச் 26 அன்று நீரில் இறக்கப்பட்டது. அதற்கு இரண்டு வேலைகள்: ஆழ்கடலில் கொட் மீன் பிடிப்பது, ஓய்வான காலத்தில் அமெரிக்க மீன்பிடிக் கப்பல்களுடன் போட்டியிட்டு வெல்வது. 1946இல் ஹெயிட்டிக் கரையோரப் பாறையில் மோதி அழிந்த பின்னர், அதே தளத்தில் 1963இல் இறக்கப்பட்டதுதான் இரண்டாவது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் மீன் கொட்டிவைக்கும் அறை இருந்த இடத்தில் இரண்டாவதில் பயணிகளுக்கான வசதிகள் வந்ததால் தளத்தின் மேலுள்ள கூடங்கள் வேறுபடும். பெட்டியின் மேலட்டைப் படத்தை வரைந்தவர் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. படத்தில் மீன்பிடி வள்ளங்கள் தளத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன, உள்ளே இருக்கும் வரைபடத்திலோ பயணிகளின் கூடம் இருக்கிறது. எந்தக் கப்பலைக் கட்டப்போகிறீர்கள் என்பதைப் பசையைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

அளவுத்திட்டம் 1:72. ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் ஆகும் அளவு இது என்பதால் கணக்குப் போடுவது மிகவும் எளிது. 143 அடி நீளமான கப்பல் ஏறத்தாழ 24 அங்குலமாக மேசையில் அமர்கிறது. பாய்மரத்தின் உயரத்தையும் சேர்த்தால், நமது வீடுகளின் வரவேற்பறை அலுமாரித் தட்டு எதிலும் இது அடங்காது. இடத்தை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

எலும்புக்கூட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஏராக்கட்டையும் (கப்பலின் அடியில் ஓடும் முதுகெலும்பு) வங்குகளும் (அதிலிருந்து எழும் விலா எலும்புகள்) லேசரால் வெட்டிய ஒட்டுப்பலகையில் வருகின்றன. வெட்டு துல்லியமானது, வங்குகள் ஏராவின் பள்ளங்களில் தள்ளாடாமலும் திணிக்கத் தேவையில்லாமலும் பொருந்துகின்றன. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. குளிர்நாட்டுக் களஞ்சியத்தில் இருந்த ஒட்டுப்பலகை கல்லடிக் கரையின் உப்புக்காற்றுக்கு வந்ததும் மெல்ல முறுகத் தொடங்கும். பெட்டியைப் பிரித்தவுடன் ஏராக்கட்டையை ஒரு தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றி, அறையின் ஈரப்பதத்துக்குப் பழகவிட்டே ஒட்ட ஆரம்பிக்க வேண்டும். ஏரா முறுகினால் அதன் மேல் நிற்கும் ஒவ்வொரு வங்கும் முறுகும், பின்னர் எந்தப் பலகையாலும் அதை நிமிர்த்த முடியாது.

பலகை பதிப்பதுதான் பெரும்பாலானோர் கைவிடும் இடம். பெட்டியில் வரும் முதற்படைப் பலகைகள் 5 மில்லிமீற்றர் அகலமான மெல்லிய, மென்மையான மரச்சட்டங்கள். கைந்நூல் சொல்வது இவ்வளவே: தளத்தின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள், கீழே போகப்போகத் தேவைக்கேற்பக் கூராக்குங்கள். எவ்வளவு கூராக்குவது, எங்கிருந்து கூராக்குவது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. ஃபைபர் வள்ளங்கள் வந்த பிறகு மரவேலை குறைந்துவிட்ட ஓடாவி (தோணி கட்டும் தச்சர்) ஒருவரிடம் எலும்புக்கூட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் கைந்நூலைத் திறந்தும் பார்க்கவில்லை. ஒரு கடதாசித் துண்டை நடு வங்கின் வளைவில் தளவிளிம்பிலிருந்து ஏரா வரை ஒட்டிப்பிடித்து நீளத்தைக் குறித்தார். இன்னொரு துண்டை அணியத்தின் (கப்பலின் முன்முனை) அருகே அதேபோல் பிடித்துக் குறித்தார். நடுவில் 110 மில்லிமீற்றர். ஆகவே 5 மில்லிமீற்றர் பலகைகள் 22 தேவை. அணியத்திலோ 66 மில்லிமீற்றர்தான் இருந்தது. அதே 22 பலகைகளும் அங்கே வந்து சேர வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றராக ஒடுங்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். இதை ஒவ்வொரு வங்கிலும் குறித்துக்கொண்டால், கடைசியில் ஏராவுக்கு அருகே ஈட்டி முனை போன்ற துண்டுகளைச் செருகி ஒப்பேற்ற வேண்டிய நிலை வராது. பலகையின் அகலம் பாதிக்கும் கீழே போகவேண்டி வந்தால் மட்டும், இரண்டு பலகைகளை ஒன்றாக முடிக்கும் வழியைத் தேட வேண்டும். இந்தக் கப்பலுக்கு அது தேவைப்படவில்லை.

ஓடாவி சொன்ன இன்னொன்றையும் கைந்நூல் சொல்லியிருக்க வேண்டும்: ஒரு பக்கத்தில் ஒரு பலகை பதித்தால் உடனே மறுபக்கத்தில் அதன் சோடியைப் பதிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து பதித்தால் காயும் பசையும் வளைந்த மரமும் சேர்ந்து முழு உடலையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும். பசைக்கு மரவேலைக்கான சாதாரண வெள்ளைப் பசையே போதும். கைந்நூல் சூப்பர் குளூவைப் பரிந்துரைப்பது அவசரக்காரருக்கான ஆலோசனை. அது பலகையை நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது, கசிந்த இடத்தில் வர்ணமும் பிடிக்காது.

முதற்படைக்கு மேல் ஒட்டுவதற்கு வால்நட் மரத்தின் மெல்லிய தோல்களைக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் விலையில் கணிசமான பங்கு இவற்றுக்கே போகிறது என்று நினைக்கிறேன். ஆனால் புளூநோஸின் உடல் நீர்மட்டத்துக்கு மேலே கறுப்பு, கீழே செம்மண் சிவப்பு. அழகிய மரத்தைக் கொடுத்து அதன் மேல் கறுப்பு வர்ணம் பூசச் சொல்வதன் நியாயம் எனக்கு விளங்கவில்லை. வால்நட்டோ எளிதில் பிளவுபடும் மரம். வளைவான அமரப் (பின்புறப்) பகுதியில் அதைப் படியவைப்பதற்குப் பட்ட பாடு வர்ணத்துக்கு அடியில் மறைந்துபோகிறது. முதற்படையை நன்றாகத் தேய்த்து, மரத்தூளும் பசையும் கலந்த பூச்சால் இடுக்குகளை அடைத்து, நேரடியாக வர்ணம் பூசினாலே போதும். எஞ்சும் வால்நட்டைத் தாங்கிக்கும் கண்ணாடிப் பெட்டியின் அடிச்சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தளப்பலகைகள் நன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் மென்மையான பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒட்டினால், கலபத்து அடித்த (நீர் புகாதபடி நார் திணித்து அடைத்த) இடைவெளி போலவே தெரியும். உலோகப் பாகங்கள் சுமார். நங்கூரமும் சுக்கான் சக்கரமும் தேறும். பக்கக் கயிறுகளை இறுக்கும் மூன்று துளைக் கட்டைகளில் சிலவற்றின் துளைகள் மையத்தை விட்டு விலகியிருக்கின்றன. அவற்றை முதிரை மரத் துண்டில் கடைந்துகொள்வது கடினமல்ல. இழை நெருங்கிய மரமாதலால் சிறு துளையிலும் சிம்பு எழாது. ஆனால் முதிரைத் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கக் கூடியது. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டே தேய்க்க வேண்டும்.

இனிக் கயிறு. பாய்க்கப்பல் மாதிரியின் அழகில் பாதிக்கு மேல் கயிற்றில்தான் இருக்கிறது, இந்தப் பெட்டி சறுக்குவதும் அங்கேதான். மூன்று பருமனில் நூல் தந்திருக்கிறார்கள்: 0.15, 0.5, 0.8 மில்லிமீற்றர். அளவுத்திட்டத்தால் பெருக்கிப் பார்த்தால் 0.8 மில்லிமீற்றர் நூல் உண்மைக் கப்பலில் 58 மில்லிமீற்றர் குறுக்களவான கயிறாகும், அதாவது வளர்ந்த ஆணின் மணிக்கட்டுப் பருமன். பெரும்பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு இதைப் பாவிக்கச் சொல்கிறது வரைபடம். பாய்க்கப்பல் காலத்தில் கயிற்றைச் சுற்றளவால் குறிப்பிட்டார்கள். மூன்று அங்குலக் கயிறு என்றால் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். 1:72இல் அது 0.34 மில்லிமீற்றர் ஆகிறது. பெட்டியில் அந்தப் பருமனே இல்லை. இருக்கும் நூலும் ஒரே இழையாக முறுக்கிய, பஞ்சு பறக்கும், பளபளப்பான நூல். உடுப்புத் தைக்க ஏற்றது, கப்பலுக்கு ஏற்றதல்ல.

இந்த இடத்தில் நமது பிரதேசத்துக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. மருதமுனையில் கைத்தறி நெசவு நடக்கிறது; தறிக்குரிய பருத்தி நூல் பல பருமன்களில் அங்கே கிடைக்கும். மெல்லிய நூல்கள் மூன்றை எடுத்து, ஒரு முனையை மூன்று கொக்கிகளில் தனித்தனியே மாட்டி, மறுமுனையை ஒரே கொக்கியில் சேர்த்து, மூன்றையும் அவற்றின் இயல்பான முறுக்கின் திசையிலேயே மேலும் முறுக்கி, பின்னர் சேர்ந்த முனையை எதிர்த்திசையில் சுழலவிட்டால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கயிறாகிவிடும். பெரிய கயிறு திரிப்பதும் இதே விதிப்படிதான்: இழையின் முறுக்கும் கயிற்றின் முறுக்கும் எதிரெதிரானவை என்பதால் ஒன்று அவிழ முயலும்போது மற்றொன்று இறுகுகிறது. கைத்துளைக் கருவி ஒன்றும் பலகையில் அறைந்த கொக்கிகளும் இருந்தால் வீட்டு விறாந்தையிலேயே செய்யலாம். திரித்த கயிற்றை விளக்குச் சுடரின் மேலாக வேகமாக ஒருமுறை இழுத்தால் பஞ்சு கருகிவிடும். பின்னர் தேன்மெழுகை மிக மெல்லியதாகத் தடவினால் போதும். அதிகமாகத் தடவினால் தூசி ஒட்டும்.

பருத்திக்கு ஒரு குணம் உண்டு, இங்கே அதை மறக்கவே முடியாது. வாடைக்காலத்து ஈரத்தில் முறுக்குக் கயிறு வீங்கிக் குறுகும். கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து தளரும். மார்கழியில் இறுகக் கட்டியவை ஆனியில் தொங்குவதைப் பார்க்கலாம். கச்சான் காலத்தில் இறுக்கி முடித்தவையோ மழையில் இன்னும் இறுகிப் பாய்மர உச்சியை வளைத்துவிடும். ஆகவே பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும் கயிறுகளுக்கு நான் கறுப்புப் பொலியெஸ்ரர் நூலையே திரித்தேன். அது ஈரத்துக்கு அசைவதில்லை, உண்மைக் கப்பலிலும் அவை உருக்குக் கம்பிகளே. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்கு மட்டும் மருதமுனைப் பருத்தி. அவற்றை ஓரளவு தளர்வாகவே விட்டேன். வேலை செய்கிற கப்பலில் எல்லாக் கயிறும் வீணைத்தந்திபோல் விறைத்து நிற்பதும் இயல்பல்ல.

ஏணிக்கயிறுகள் பொறுமையைச் சோதிப்பவை. மாலுமி ஏறும் படிகள் ஏறத்தாழ 15 அங்குல இடைவெளியில் இருக்கும். மாதிரியில் அது 5 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். 5 மில்லிமீற்றர்க் கோடுகள் இழுத்த கடதாசியைக் கயிறுகளுக்குப் பின்னால் செருகிக்கொண்டு கட்டினால் படிகள் ஒழுங்காக அமையும். பெட்டியின் 0.15 நூலில் உருப்படியாகப் பயன்படும் ஒரே வேலையும் இதுதான்.

நூலைவிடப் பெரிய குறை கயிற்று வரைபடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கயிறும் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை எண்ணிட்டுக் காட்டுகிறார்கள். அது எதற்காகப் போகிறது என்று ஓரிடத்திலும் இல்லை. அந்தக் காலத்தில் பாய்த்தோணியில் கடலுக்குப் போன அயலவர் ஒருவர், என் மேசையருகே நின்று வரைபடத்தையும் கப்பலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மனே, ரெண்டு கயித்தையும் ஒரே ஆணியில கட்டினா, ஒண்ட இளக்கக்குள்ள மத்ததும் கழண்டுருமே?" அவர் காட்டியது பெரும்பாயின் மேற்பருமலை (பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் மரம்) ஏற்றும் இரண்டு கயிறுகளை. இவ்வகைப் பாயில் மேற்பருமலின் உட்புற முனையைப் பாய்மரத்தோடு ஒட்டி ஏற்ற ஒரு கயிறும், வெளிமுனையைச் சாய்வாக உயர்த்திப் பிடிக்க இன்னொரு கயிறும் உண்டு. இரண்டையும் சேர்த்து ஏற்றினாலும், பாயின் சாய்வைச் சரிசெய்யும்போது வெளிமுனைக் கயிற்றைத் தனியே இழுக்கவோ தளர்த்தவோ வேண்டும். அதனால் அவற்றைக் கப்பலின் இருபக்கங்களில் வெவ்வேறு ஆணிகளில் கட்டுவதே வழக்கம். வரைபடம் இரண்டையும் ஒரே ஆணிக்குக் கொண்டுபோய் முடித்திருந்தது. கப்பலில் ஏறாதவர் வரைந்ததைக் கடலறிந்தவரின் கண் ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கயிற்றுக்கும் 'இதை இழுத்தால் எது அசையும்' என்ற கேள்வியைக் கேட்டே கட்டினேன். இன்னும் சில இடங்களில் வரைபடத்தை விட்டு விலக வேண்டியிருந்தது.

பெட்டியில் தைத்து வரும் பாய்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தையல் ஒன்றின் நீளம் இரண்டரை மில்லிமீற்றர். உண்மை அளவில் அது 18 சென்ரிமீற்றர். அப்படித் தைத்த பாயைக் கப்பலோட்டி எவரும் காற்றில் விரிக்கமாட்டார். துணியும் தடிப்பானது. பாயே இல்லாமல் பருமல்களையும் கயிறுகளையும் மட்டும் காட்டுவது என் தெரிவு. பாய் வேண்டுமென்பவர்கள் 'வொயில்' (voile) எனப்படும் மெல்லிய துணியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து, மடித்துக் கட்டிய நிலையில் பருமலின் மேல் வைக்கலாம்.

இந்தக் கப்பலைத் தெரிவுசெய்ய எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற இரண்டு பாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயரை மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது 1938 ஓகஸ்ட் மாதம். அதே ஆண்டு ஒக்ரோபரில், குளொஸ்ரரின் 'கேர்ட்ரூட் எல். தீபோ' என்ற கப்பலுடன் அந்தக் கடற்பரப்பிலேயே மீன்பிடிக் கப்பல்களின் போட்டியில் கடைசித் தொடரை ஓடி, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது புளூநோஸ். புளூநோஸை வரைபடத்தோடும் ஆணி எண்ணோடும் வீட்டுக்கு வரவழைக்க முடிகிறது. அன்னபூரணிக்கு அப்படியொரு பெட்டியை நான் எங்கும் கண்டதில்லை. 89 அடியான அக்கப்பல் இதே அளவுத்திட்டத்தில் 15 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். வெறுங்கட்டையிலிருந்து அதைக் கட்ட முனைபவருக்கு, இந்தப் பெட்டியில் பலகை பதித்துக் கயிறு கட்டிய பயிற்சி வீண்போகாது.

கருவி எதுவும் பெட்டியில் இல்லை, அதை முறைப்பாடாகச் சொல்லவும் இல்லை. நகை செய்யும் தட்டார் பாவிக்கும் சாமணம், சிறு குறடு, மெல்லிய வாள் ஆகியவை இந்த வேலைக்கென்றே செய்தவை போலப் பொருந்தும். வெளிநாட்டில் 'கப்பல் மாதிரிக் கருவி' என்ற பெயரில் விற்பவற்றைவிட மலிவு. பலகையை அழுத்திப் பிடிக்கச் சந்தையில் வாங்கும் மரத்தாலான உடுப்புக் கிளிப்புகள் போதும்.

நிறுவனத்தின் சேவையைப் பாராட்ட வேண்டும். ஒரு கப்பித் தொகுதி குறைவாக இருப்பதைப் படத்துடன் எழுதியபோது, பெட்டிக்குள் இருந்த இலக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, மாற்றுப் பாகங்களைக் கட்டணம் இல்லாமல் அனுப்பினார்கள். கைந்நூலில் இருக்கும் ஆங்கிலம் வேறொரு மொழியிலிருந்து அவசரமாக மாற்றப்பட்டது. படங்களைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருப்பது மிகைக்கூற்று. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் எலும்புக்கூடு வரை செய்வார்கள். பலகை பதிக்கும் கட்டத்தில் சலித்துப்போவார்கள். முதன்முறை கட்டுபவர் ஒற்றைப் பாய்மரமுள்ள சிறு வள்ளம் ஒன்றில் தொடங்கிவிட்டு இதற்கு வருவது நல்லது. பலகை பதிக்கத் தெரிந்தவர், நூலையும் பாயையும் ஒதுக்கிவைக்கத் தயாராக இருந்தால், தயங்காமல் வாங்கலாம்.

முடித்த கப்பலுக்குக் கண்ணாடிப் பெட்டி கட்டாயம். தூசிக்காக மட்டும் அல்ல. கடற்கரை வீடுகளில் பித்தளைப் பாகங்கள் விரைவில் பச்சை பிடிக்கும். அலுமினியச் சட்ட வேலை செய்பவர்களிடம் கொடுத்தால் முற்றாக அடைத்து, சிலிக்கனால் ஒட்டித் தருவார்கள். அப்படிச் செய்ய விடக்கூடாது. மரமும் பசையும் மெல்ல வெளியிடும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி, ஈயம் கலந்த நங்கூரத்தையும் சிறு வார்ப்புகளையும் வெண்பொடியாக அரித்துவிடும். பழைய கப்பல் மாதிரிகளில் இது அறியப்பட்ட நோய். அடிச்சட்டத்தின் இரு ஓரங்களிலும் சிறு துளைகள் விட்டு, எறும்பு நுழையாதபடி மெல்லிய வலையால் மூடச் சொல்லுங்கள். அடித்தளப் பலகைக்குத் தேக்கோ முதிரையோ எதுவானாலும், நன்றாகக் காய்ந்த மரமாகப் பார்த்து வாங்குங்கள். வாடைக்காலத்தில் அறுத்த பலகை வேண்டாம்.